இடதுகை நத்தை

கின்வாரா, கால்வே
1962 பிப்ரவரி 4

அன்புள்ள மருமகள் டீலியாவுக்கு உன் தாய்மாமன் ஃபெஸ்டி எழுதிக்கொண்டது.

எல்லாவற்றையும் நான் முன்பே சொன்னேன். போன ஜூனில் உன்னைக் கப்பலேற்றிவிட்ட அன்று துறைமுகத்தில் வைத்தே சொன்னேன். நீ மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததால் காதில் விழுந்திருக்காது. உன் அம்மா அந்தத் தீப்பெட்டியைத் தூக்கி எறிய மாட்டாள் என்றேன். எறியவில்லை. உன் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்பாள் என்றேன். என்றாள். குளிர் வந்தால் அவளுக்கு மூச்சு இளைக்கும் என்றேன். இளைக்கிறது. நம் டாக்டர் டப்ளினில் எத்தனையோ வருஷம் படித்துவிட்டு ஜனவரியில் கண்டுபிடித்த இதய நோயை, நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைவிட்ட நான் அக்டோபரிலேயே கண்டுபிடித்துவிட்டேன். மாட்டுக் கொட்டகைவரை நடக்க இரண்டு தரம் உட்கார்ந்தாள். வேறென்ன வேண்டும்?

கண்ணில் புரையும் விழுந்துவிட்டது. அடுப்பு எரிகிறதா என்பதைக் கையை நீட்டித்தான் பார்க்கிறாள். இதை உனக்கு எழுதக் கூடாது என்று உத்தரவு. நான் என்றைக்கு உத்தரவுக்குக் கட்டுப்பட்டேன்?

நத்தை விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நானும் அடுக்களையில்தான் இருந்தேன், நினைவிருக்கிறதா? உன் அப்பா கோல்மன் அத்தானைப் புதைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நனைந்த கோட்டோடு உள்ளே வந்தவள், ஒரு வார்த்தை பேசுவதற்குள் தீப்பெட்டியை நீட்டினாய். "அம்மா, நம்ம சுவத்துல இருக்குற அதே இனம்மா இது. பறவையில ஒட்டிக்கிட்டு கடல் தாண்டி அந்தத் தீவுக்கே போயிருக்கு. இடதுகைக்காரி, என்னை மாதிரியே. திரும்ப வீட்டுக்குக் கூட்டியாந்திருக்கேன்" என்றாய். எனக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்கிறாய் என்று புரிந்தது. ஆனால் உங்கள் இரண்டு பேருக்கும் நேராகப் பேச வராதே.

"உங்கப்பனைக் குழியில எறக்கையில நீ நத்தை பொறுக்கிக்கிட்டு இருந்தே. இந்தச் செத்த நத்தை என்னைக்கு எந்திரிச்சு நடக்குதோ, அன்னைக்கு நீ எம் மக" என்றாள். சிலுவை வேறு போட்டுச் சொன்னாள். நம் குடும்பத்தில் சிலுவை போட்டுச் சொன்னதை யாரும் திருப்பி வாங்கியதில்லை. உன் தாத்தா ஒரு கோபத்தில் வெண்ணெய் தொட மாட்டேன் என்று சிலுவை போட்டார். இருபது வருஷம் வெறும் ரொட்டி தின்றே செத்தார்.

ஆகவே வேலையை நான் கையில் எடுத்துக்கொண்டேன். நத்தையை எழுப்பப் போகிறேன். தீப்பெட்டி அடுப்புக்கு மேலே ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. புனித பிரிஜித் நாளுக்கு முந்தின நாள், புனிதையின் ஆசி இறங்கட்டும் என்று வேலியில் போட்ட துணி, பனி குடித்துக் கிடந்ததல்லவா, அதில் ஒரு மூலையைக் கிழித்து நத்தையைச் சுற்றி வைத்திருக்கிறேன். தலைவலிக்குக் கேட்கிற துணி நத்தைக்குக் கேட்காதா? ஒரு சொட்டு சாராயமும் விட்டேன். கோபப்படாதே. அது லேசாக அசைந்தது.

உன் மாமன்,
ஃபெஸ்டி


ஃப்ளோரஸ் தீவு, அசோர்ஸ்
1962 மார்ச் 11

அன்புள்ள ஃபெஸ்டி மாமா,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. கடல் அமைதியாக இருந்தால்தான் இங்கே படகு அணையும். போன வருஷம் அப்பாவைப் பற்றிய தந்தி பக்கத்துத் தீவின் தபால் நிலையத்தில் கிடந்ததும் அதனால்தான். நான் அப்போது மலையில் இருந்தேன் என்பது உண்மை. நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை. மியூசியம் அதற்காகத்தான் என்னை அனுப்பியிருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லத் தொடங்கினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நத்தையைப் பற்றிப் பேசிவிட்டேன். எனக்குத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான்.

சாராயம் விடாதீர்கள். தயவுசெய்து. அடுப்புக்கு மேலேயும் வைக்காதீர்கள். அந்த உயிர் ஓட்ஸ் மணி அளவுதான். உலர்ந்த நாட்களில் சுவர் இடுக்கிலோ மரப்பட்டையின் வெடிப்பிலோ ஒட்டிக்கொண்டு, ஓட்டுக்குள் சுருங்கி மழைக்குக் காத்திருக்கும். நெடுநாள் காத்திருக்கும், ஆனால் என்றென்றைக்கும் அல்ல. கொல்லையில் அப்பா நட்ட ஆஷ் மரம் இருக்கிறதே, அதன் வடக்குப் பக்கத்தில் பாசி படர்ந்த பட்டையில் வையுங்கள். பட்டையில் வளரும் அந்தச் சாம்பல் நிறப் படலத்தைத்தான் அது தின்னும். உயிர் இருந்தால் ஈரம் பட்டதும் வெளியே வரும்.

வேறு நத்தையோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஓர் அடையாளம் சொல்கிறேன். கூர்நுனி மேலே இருக்கும்படி பிடித்து, வாய் உங்களைப் பார்க்குமாறு திருப்புங்கள். ஏறக்குறைய எல்லா நத்தைகளுக்கும் வாய் வலப்பக்கம் இருக்கும். இதற்கு இடப்பக்கம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இது மற்ற நத்தைகளைப் போல மண்ணில் முட்டையிட்டுவிட்டுப் போவதில்லை. உள்ளேயே பொரித்துக் குட்டியாகத்தான் ஈனும். துணை இல்லாமலே ஈனவும் அதனால் முடியும். அதனால்தான், பறவையின் இறகில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு நத்தை கடல் தாண்டி வந்தாலும் போதும், அந்தத் தீவில் ஒரு குலம் உண்டாகிவிடும். ஆனால் வந்த ஒன்று திரும்பிப் போனதாக நான் எங்கும் படித்ததில்லை.

அம்மா கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாமல் வர மாட்டேன். ஒரு தரம் அந்த வாசலில் நின்றுவிட்டேன், மாமா.

என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாரா?

டீலியா


கின்வாரா
1962 ஏப்ரல் 8

அன்புள்ள டீலியாவுக்கு,

உன் கடிதத்தை ஹைன்ஸ் கடையில் வைத்து ஊருக்கே படித்துக் காட்டினேன். நீ எழுதாமல் விட்ட இடங்களை நானே நிரப்பினேன். ஒரு கடல்வாத்தின் முதுகில் ஏழு நத்தைகள் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து போனதாகச் சொன்னேன். ஹைன்ஸ் நம்பவில்லை. "அதுல ஒண்ணு பாதிரியாரா இருந்திருக்கும், மத்த ஆறுக்கும் கடல்ல ஞானஸ்நானம் குடுத்திருக்கும்" என்றான். குட்டி போடும் என்றதும் கடையே குலுங்கியது. ஆம்பளை இல்லாமலே குட்டி போடும் என்றேன். கிழவிகள் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். மொத்தத்தில் உன் மியூசியம் பத்து வருஷத்தில் செய்யாத சேவையை நான் ஒரே மாலையில் விஞ்ஞானத்துக்குச் செய்தேன்.

நீ சொன்னபடி மரத்தில் வைத்தேன். பகல் முழுக்க மழை. நானும் கூடவே நனைந்தேன். பிறகு காக்கை கொத்திவிடுமோ என்று உள்ளே எடுத்து வந்தேன். மறுபடி வைத்தேன். மறுபடி எடுத்தேன். அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

கேட்கிறாளா என்று கேட்டாய். நேரடியாக இல்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் சேர்க்காமல்.

தினமும் தேநீர் குடித்த பிறகு கேட்பாள். "டேய் ஃபெஸ்டி, அந்தச் சனியன் செத்துப்போச்சா?"

"எந்தச் சனியன்க்கா?"

"பெட்டியில இருக்குறது."

"தூங்குது."

"பத்து மாசமாவா? உன்னைவிடச் சோம்பேறியா இருக்கே."

"கும்பிட்டுப் பாக்குறேன்க்கா."

"நீ கும்பிட்டா இருக்குற உசிரும் போயிரும்." பிறகு கோப்பையைத் தடவிக் கீழே வைத்தாள். "அந்தத் தீவுல கொண்டல் மழை பெய்யுமாடா? துணி காயுமா?"

"நத்தைக்கு ஏதுக்கா துணி?" என்றேன்.

"வாயை மூடுறா" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். நத்தைக்காகத் துணி காய்வதைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நீ படித்தவள், நீயே முடிவு செய்துகொள்.

இப்போதெல்லாம் மெத்தையை அடுக்களைக்கே கொண்டுவந்து போட்டுவிட்டோம். கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. டாக்டர் என்னை வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். என்ன சொன்னார் என்று எழுதமாட்டேன். அதையும் நான் முன்பே சொல்லியிருந்தேன்.

ஃபெஸ்டி


ஃப்ளோரஸ்
1962 மே 2

மாமா,

படகு புறப்படுவதற்குள் இதைக் கொடுத்துவிட வேண்டும்.

உங்கள் கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். பள்ளியில் இடதுகையால் எழுதியதற்கு வாத்தியார் விரல்களில் அடித்த அன்று, நீங்கள் அவரைக் கிணற்றில் தூக்கிப் போட்டதாகச் சொன்னீர்கள். நம்பித் தூங்கினேன். மறுநாள் போனால் அவர் உலர்ந்த கோட்டோடு நின்றிருந்தார். ஆனால் அன்றிலிருந்து அவர் என் கையைத் தொடவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த ஒரு தரம் நிஜம் வேண்டும். நத்தையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். எடையே இல்லாமல் உமி போல இருக்கிறதா? வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓடு வெறுமையாகத் தெரிகிறதா? அப்படியென்றால் அது செத்துவிட்டது. செத்திருந்தால் அம்மாவிடம் செத்துவிட்டது என்றே சொல்லிவிடுங்கள். செத்த நத்தையைப் பார்த்தும் அவர் என்னை வரச் சொன்னால் அது எனக்குப் போதும். சொல்லாவிட்டாலும் அது அவர் சொன்னதாக இருக்கும்.

இந்த மாத முடிவில் லிஸ்பன் கப்பல் வருகிறது. ஓர் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். தந்தி கொடுங்கள். "வா" என்ற ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல் அவருடையதாக இருக்க வேண்டும். உங்களுடையதாக இருக்கக் கூடாது.

டீலியா


கின்வாரா
1962 மே 24

என் கண்ணே டீலியா,

தந்தி கொடுத்தேன். கிடைத்ததா என்று தெரியவில்லை. அதில் எழுதியதற்கு மேல் இங்கே எழுத எதுவும் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை மணி அடிக்கும் நேரத்தில் போய்விட்டாள். சாவு வீட்டு வழக்கப்படி நான்தான் கடிகாரத்தை நிறுத்தினேன். கண்ணாடிக்குத் துணி போட்டேன். கோல்மன் அத்தானுக்குப் பக்கத்திலேயே இடம். கூட்டம் கல்லறைச் சுவர் தாண்டிச் சாலைவரை நின்றது. ஆயர் இறந்தபோதுகூட அவ்வளவு பேர் வரவில்லை.

ஆனால் மகளே, கேள். நத்தை எழுந்துவிட்டது.

சனிக்கிழமை பிற்பகல். வெளியே தூறல். தீப்பெட்டியைத் திறக்கிறேன், உள்ளே இருந்தவன் சோம்பல் முறிக்கிறான்! கூர்நுனி மேலே, வாய் வலப்பக்கம், அதிலிருந்து முதலில் இரண்டு கொம்பு, பிறகு தலை, பிறகு உடம்பு. பளபளவென்று, தேன் தடவின மாதிரி. "அக்கா, எந்திரிச்சுட்டான்!" என்று கத்தினேன். கொல்லையில் கோழிகள் சிதறி ஓடின.

"பொய் சொல்லாதடா."

"கையைக் குடு" என்று அவள் மணிக்கட்டில் எடுத்து வைத்தேன். நடந்தது டீலியா. நரம்பின் மேலேயே நடந்து போனது. அவளுக்குக் கண் தெரியாது, ஆனால் அந்த ஈரம் தெரிந்தது. வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தாள். இது நீ கொண்டுவந்த நத்தைதான் என்று முழுக்க நம்பிவிட்டாள். துளி சந்தேகமும் இல்லை.

பிறகு சொன்னாள், "எழுதுடா அவளுக்கு. வரச் சொல்லு. தந்தி கெடைக்கலன்னா அது அவ குத்தமா? கடல் குத்தம். கடல்மேல கோவிச்சுக்க முடியாம அவமேல கோவிச்சுக்கிட்டேன்னு எழுது. அவ கட்டில்ல புதுசா வைக்கோல் திணிச்சு வெச்சிருக்கேன்னு எழுது." உண்மையில் போன அறுவடைக்கே திணித்து வைத்துவிட்டாள்; நான்தான் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

சத்தியம் நிறைவேறியது. நான் சொன்னேன் அல்லவா, எழுப்பிக் காட்டுவேன் என்று?

ஃபெஸ்டி மாமா


லிஸ்பன்
1962 ஜூன் 19

மாமா,

தந்தி இந்த முறை சரியாகக் கிடைத்தது. கப்பல்தான் தாமதம். கடிதத்தைத் தீவில் என் வீட்டுக்காரம்மா பின்னாலேயே அனுப்பிவைத்தார். இங்கே ஒரு விடுதியில் உட்கார்ந்து படித்தேன். நாளை வடக்கே போகும் கப்பலில் எனக்கு இடம் இருக்கிறது. ஏறுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. இரண்டாம் முறையும் மண் மூடிய பிறகுதான் போய் நிற்கப்போகிறேன்.

"வாய் வலப்பக்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். "பளபளவென்று, தேன் தடவின மாதிரி" என்றும். என் நத்தைக்கு வாய் இடப்பக்கம். அதன் ஓடு பளபளக்காது, விரல் வைத்தால் லேசாக வரி தட்டும். நீங்கள் சொல்வது சுவரடியில் பாசிக்குள் இருக்குமே, அந்த வழுக்கு நத்தை. நம் கொல்லையில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் கிடைக்கும்.

என்னுடையது செத்துவிட்டது. நீங்கள் வேறொன்றை எடுத்து வைத்தீர்கள். கண் தெரியாத ஒரு மனுஷியை, அவர் போட்ட சிலுவையைக் கொண்டே ஏமாற்றினீர்கள். அன்பினால்தான் செய்தீர்கள், தெரியும். ஆனால் அந்தச் சொற்களை நான் இப்போது என்ன செய்ய? அவர் என்னை மன்னித்தாரா, அல்லது சத்தியத்துக்குப் பயந்து சொன்னாரா? கடல் குற்றம் என்ற வரியை இந்த மேஜையில் வைத்துத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அது அம்மாவின் குரலேதான். ஆனால் திருடிய பொருளைப் போல இருக்கிறது. எடுத்து உடுத்திக்கொள்ள முடியவில்லை.

உண்மையைக் கேட்டேன். ஒரே ஒரு தரம் கேட்டேன்.

கப்பலேறாவிட்டால் மறுபடி தீவுக்கே போய்விடுவேன். வீட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டீலியா


கின்வாரா
1962 ஜூலை 1

டீலியாவுக்கு,

இந்தக் கடிதத்தின் இரண்டு படிகள் எழுதினேன். ஒன்று லிஸ்பன் விடுதிக்கு, ஒன்று தீவுக்கு. எனக்கு இரண்டு தரம் ஒரே மாதிரி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். இரண்டாவதில் எப்போதும் ஒரு கப்பலாவது கூடிவிடும். இந்தத் தரம் கூடவில்லை.

பிடித்துவிட்டாய். மாற்றித்தான் வைத்தேன். உன்னுடையது ஏப்ரலிலேயே உமியாகிவிட்டது. பிரிஜித் துணியும் கேட்கவில்லை, மழையும் கேட்கவில்லை. சனிக்கிழமை டாக்டர் வந்துபோன பிறகு சுவரடிக்குப் போய் ஒரு கல்லைப் புரட்டினேன். இடப்பக்கம் வலப்பக்கம் எல்லாம் அந்த நேரத்தில் எனக்கு நினைவில்லை. அளவு பார்த்தேன், நடக்கிறதா பார்த்தேன், எடுத்துவந்தேன். அவ்வளவு பெரிய விஞ்ஞானி, இவ்வளவு சின்ன விஷயத்தில் சறுக்கினேன்.

மணிக்கட்டில் வைத்ததும் நடந்ததும் நிஜம். அதற்குப் பிறகு நடந்ததில் கொஞ்சத்தை விட்டுவிட்டேன். அதை இப்போது எழுதுகிறேன்.

அவள் மறு கையைக் கொண்டுவந்து அதை மெல்ல எடுத்தாள். உள்ளே சுருங்கிக்கொண்டது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து உருட்டினாள். கம்பளி நூலில் ஒரு கண்ணி தப்பினால் இருட்டிலும் கண்டுபிடிக்கிற விரல் அது. கூர்நுனியை மேலே பிடித்து நக நுனியால் வாயைத் தடவினாள். அன்றைக்கு அடுக்களையில் நீ சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை என்றுதான் நாம் இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

"டேய் முட்டாளே" என்றாள். "இது வலதுகைக்காரன்."

என் அக்கா முன்னால் தொப்பியைக் கழற்றினேன். என் வாழ்க்கையில் முதல் தரம்.

"எம் மக கொண்டாந்தது இடதுகை. அவ சொன்னா. இடதுகை எனக்குத் தெரியாதா? அந்த வாத்தியான் வீட்டு வாசல்ல போயி நின்னு, இன்னொரு தரம் எம் பொண்ணு கையைத் தொட்டா உன் கையை ஒடிச்சு அடுப்புல வெப்பேன்னு சொல்லிட்டு வந்தவ நான். நீதான் அவனைக் கெணத்துல போட்டேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சே."

"அப்ப... சத்தியம் என்னக்கா ஆகுறது?"

"சத்தியம் நான் போட்டது. கடவுள்கிட்ட நான் பேசிக்கிறேன், அவரைப் பாக்க இன்னும் ரொம்ப நாள் இல்ல. உன் நத்தை எதுக்கு எனக்கு? நீ எழுதுடா அவளுக்கு."

அதன் பிறகுதான் கடலைப் பற்றிச் சொன்னாள். கட்டிலைப் பற்றிச் சொன்னாள். நான் எழுதிய வரிசையிலேயே சொன்னாள். அந்தச் சொற்களில் ஒன்றையும் நான் தொடவில்லை. தொடுகிற அளவுக்கு எனக்குச் சரக்கும் இல்லை.

வலதுகைக்காரனைத் திரும்பச் சுவரடியில் கொண்டுபோய் விடச் சொன்னாள். "அதுக்கும் ஒரு வீடு இருக்கும்ல" என்றாள். பிறகு, "அவளோடது எங்கடா?" என்று கேட்டாள். என் சட்டைப் பையில் இருந்தது. கொடுத்தேன். விரல்களை மூடிக்கொண்டாள். ஞாயிறு காலையும் மூடியேதான் இருந்தது. ஜெபமாலை சுற்ற வந்த பெண்கள் விரலைப் பிரிக்கப் பார்த்தார்கள், விடச் சொல்லிவிட்டேன். அப்படியேதான் போயிருக்கிறாள்.

உனக்கு ஏன் இதை அன்றே எழுதவில்லை என்று கேட்பாய். அவள் ஏமாந்தாள் என்றால் உன்னைக் கூப்பிட வைத்தது நான். என் சாமர்த்தியம். அவளாகவே கூப்பிட்டாள் என்றால் இத்தனை நாளும் மழையில் நனைந்துகொண்டு மரத்தடியில் நின்ற நான் யார்? சும்மா நின்ற ஒரு கிழவன். அப்படி ஒரு கதையை ஹைன்ஸ் கடையில் போய் யாரிடம் சொல்வேன்?

கட்டிலில் வைக்கோல் அப்படியே இருக்கிறது. நான் படுக்கவில்லை.

போன கடிதத்தில் "நம்பிவிட்டாள், துளி சந்தேகமும் இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேனே. டீலியா, அந்த ஒரு வரிதான் நானாகச் சேர்த்தது.

ஃபெஸ்டி